சீரியம் ஆக்சைடுப் பூச்சு: நீரை விலக்குவது ஆக்சைடா, அதன்மேல் படிந்த அழுக்கா?

நெய்தல்நிலன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொறியியல் ஆய்வுக்காக, செம்புக் குழாயின் வெளிப்புறத்தில் சீரியம் ஆக்சைடைப் பூசி, அதன்மேல் நீராவி எவ்வாறு நீராகிறது என்பதை அளக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். இத்துறையில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்ந்த உலோகப் பரப்பை நீராவி தொடும்போது இரண்டில் ஒன்று நடக்கும். பரப்பு நீரை ஈர்ப்பதாக இருந்தால் நீர் ஒரே படலமாகப் பரவி வழியும். நீரை விலக்குவதாக இருந்தால் தனித்தனித் துளிகளாகத் திரண்டு, பெருத்து, உருண்டோடிவிடும். படலத்துக்கான கணக்கை நுசெல்ட் 1916இல் தந்தார். துளிகளாக நீராகும்போது வெப்பம் பல மடங்கு வேகமாகக் கடக்கிறது என்பதை ஜெர்மனியில் ஷ்மிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1930இல் அளந்து காட்டினார்கள். ஆனால் அந்த நிலையை மின்நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் தக்கவைக்கும் பூச்சு இன்றுவரை பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.

2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிருபா வாரணாசியின் குழுவினர், ஜிசெல் அசிமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரையில், சீரியம் உள்ளிட்ட அருமண் தனிமங்களின் ஆக்சைடுகள் இயல்பிலேயே நீரை விலக்குகின்றன என்றார்கள். 2014இல் அதே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஈவ்லின் வாங்கின் குழுவினர், தூய்மையான அருமண் ஆக்சைடு நீரை ஈர்க்கிறது என்றும், காற்றிலிருந்து படியும் ஹைட்ரோகார்பன்களே அதை நீர்விலக்கியாக மாற்றுகின்றன என்றும் எழுதினார்கள். இரண்டையும் படித்த பிறகு, நான் எதைப் பூசப் போகிறேன் என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. இந்த ஆய்வைத் தொடரலாமா? தொடர்ந்தால் முதலில் எதை அளக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொதிகலன்_பணி

தம்பி, நான் அனல்மின் நிலையப் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்தவன். பூச்சின் வேதியியலை மற்றவர்கள் சொல்லட்டும். டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் பக்கத்திலிருந்து ஒரு கணக்கை வைக்கிறேன். இதை முதலிலேயே போட்டுப் பார்க்காமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

துளிவழியில் வெப்பம் ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூடும் என்பது நீராவிப் பக்கத்துக்கு மட்டும் உரிய எண். வெப்பம் நீராவியிலிருந்து குழாய்ச் சுவருக்கு வந்து, சுவரைக் கடந்து, உட்புறப் படிவைக் கடந்து, அதன் பிறகே குளிர்நீருக்குப் போகிறது. நீராவிப் பக்கம் படலமாக இருக்கும்போது, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12,000 வாட் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்நீர்ப் பக்கம் 7,000. சுவர் 0.7 மி.மீ. டைட்டானியம், அதன் வெப்பக் கடத்துத்திறன் 21 என்ற அளவில்தான் இருக்கிறது. இவற்றைத் தலைகீழாக்கி, பத்து லட்சத்தில் ஒன்றை ஒரு பங்காகக் கொண்டு தடைகளாக எழுதினால், நீராவிப் பக்கத்துக்கு 83 பங்கு, சுவருக்கு 33, குளிர்நீருக்கு 143, உட்புறப் படிவுக்கு ஒரு 50 என மொத்தம் 309 பங்கு வரும். இப்போது நீராவிப் பக்கத்தை ஐந்து மடங்கு மேம்படுத்துங்கள். 83 என்பது 17 ஆகும். மொத்தம் 243 ஆகும். ஆக, முழுக் கண்டென்சருக்குக் கிடைப்பது ஐந்து மடங்கு அன்று, ஏறத்தாழ 27 சதவீதம்.

27 சதவீதம் சிறிது என்று நான் சொல்லவில்லை. குளிர்நீர் 30 டிகிரியில் நுழைந்து 38இல் வெளியேறும் கண்டென்சரில் நீராவி 43 டிகிரியில் நீராகிறது என்றால், இந்த மேம்பாட்டால் அது சுமார் 41.4 டிகிரிக்கு இறங்கும். அழுத்தம் 8.6 கிலோபாஸ்கலிலிருந்து 7.9க்குக் குறையும். டர்பைனுக்குப் பின்னால் வெற்றிடம் அந்த அளவுக்குக் கூடுவதற்காக நாங்கள் குழாய்களுக்குள் பஞ்சு உருண்டைகளை ஓடவிட்டுக் கொண்டே இருப்போம். கசிவு தேடி இரவெல்லாம் ஃபிளேஞ்சு ஃபிளேஞ்சாக அலைவோம். எரிபொருள் ஒரு கிலோவும் கூடாமல் அந்த மின்சாரம் கிடைக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கசிவு என்றதும் இன்னொன்று. நீராவியில் அரை சதவீதம் காற்று கலந்தாலே வெப்பப் பரிமாற்றம் பாதியாகிவிடும் என்பதை ஓத்மர் 1929இலேயே அளந்துவிட்டார். உங்கள் ஆய்வகத் தொட்டியில் வெற்றிடக் கசிவு இருந்தால் பூச்சு நல்லதா கெட்டதா என்பது தெரியவே தெரியாது. முதலில் தொட்டியை அடைத்துவிட்டு, வெறும் செம்புக் குழாயை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நுசெல்ட் கணக்கோடு உங்கள் அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது ஒத்துப்போகும் வரை எந்தப் பூச்சையும் தொடாதீர்கள்.

மேற்பரப்பு

கொதிகலன்_பணி ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அவருடைய கணக்கில் நுழையாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: பூச்சின் தடிமன். ஆக்சைடுகளின் மீது ஆய்வாளர்களுக்கு ஆசை ஏன் வந்தது என்பதை அதுதான் விளக்குகிறது.

டெஃப்லான் போன்ற பாலிமர் நீரை நன்றாக விலக்கும். ஆனால் அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.25 வாட் மட்டுமே. நீராவியில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று 25 மைக்ரோமீட்டர் தடிமனில் பூசினால், அந்தப் பூச்சு மட்டுமே ஐயாவின் கணக்கில் 100 பங்கு தடையைச் சேர்க்கும். படலத்தை நீக்கி நாம் மிச்சம் பிடித்ததோ 66 பங்குதான். துளிகள் கண்ணுக்கு அழகாக உருண்டோடும். கண்டென்சர் முன்பைவிட மோசமாகும். மாறாக, ஒரு மூலக்கூறு தடிமனே உள்ள கரிமப் படலங்களைச் செம்பின் மீது ஏற்றினால் தடை ஏதும் இல்லை. ஆனால் அவை நீராவியில் விரைவில் கழன்றுவிடுகின்றன. தடிமனாக இருந்தால் வெப்பம் கடக்காது, மெல்லியதாக இருந்தால் நிலைக்காது என்ற இந்த இக்கட்டில்தான் இத்துறை பல பத்தாண்டுகளாக நிற்கிறது. ஆக்சைடு இதிலிருந்து வெளியேற ஒரு வழியாகத் தெரிந்தது. மெல்லிய படலத்துக்கு மிகக் குறைவாக மதிப்பிட்டு 2 வாட் என்றே கொண்டாலும், ஒரு மைக்ரோமீட்டர் சீரியம் ஆக்சைடு அரைப் பங்கு தடையைத்தான் சேர்க்கும். அதோடு அது பீங்கான் இனம். கடினமானது, சூட்டுக்கு அஞ்சாதது.

ஆனால் உலோக ஆக்சைடுகளில் பெரும்பாலானவை நீரை ஈர்ப்பவை. அலுமினியம் ஆக்சைடில் உள்ள அலுமினியத்தின் எலக்ட்ரான் கூட்டில் இடம் நிரம்பாமல் இருக்கிறது. நீர் மூலக்கூறு ஆக்சிஜன் வழியாக அதோடு ஒட்டிக்கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளோடு அடுக்கடுக்காகப் படிகிறது. அருமண் தனிமங்களில் நிரம்பாத 4எஃப் கூடு உள்ளே இருக்கிறது. அதற்கு வெளியே 5எஸ், 5பி கூடுகளில் எட்டு எலக்ட்ரான்கள் நிரம்பி வேலிபோல் நிற்கின்றன. ஆகவே நீர் அங்கே பிணைய முடியாது என்பது 2013 கட்டுரையின் வாதம். கதிரியக்கமுள்ள புரோமீத்தியத்தை விட்டுவிட்டு, சீரியா முதல் லூட்டீசியா வரை வரிசை முழுவதையும் வில்லைகளாகச் சுட்டு அளந்தார்கள். சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணம், 100 முதல் 115 டிகிரி வரை வந்தது; 90ஐத் தாண்டினால் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். 1,000 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய பிறகும் பண்பு மீண்டும் வந்தது. நேர்த்தியான வேலை. நான் அதை முதலில் படித்தபோது பெரிதும் மகிழ்ந்தேன்.

இனி 2014இன் மறுப்பு. பரப்பைத் தூய்மை செய்த உடனே அளந்தால் நீர் பரவுகிறது. ஆய்வகக் காற்றில் வைத்துவிட்டு மீண்டும் மீண்டும் அளந்தால் கோணம் ஏறிக்கொண்டே போகிறது. எக்ஸ்-கதிர் நிறமாலையில் பார்த்தால் அதே வேகத்தில் கார்பனும் ஏறுகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டியதில்லை. இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். நாள்தோறும் புழங்கும் மூடியில், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கின் மேல், முத்து முத்தாகத் துளிகள் தொங்கும். அதே மூடியைப் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய அன்று பார்த்தால், துளி பிடிக்காமல் ஈரம் ஒரே பரப்பாகப் படர்ந்து விளிம்பில் வழியும். எவர்சில்வர் மாறவில்லை, அதன் மேலிருந்த பிசுக்குதான் போய்விட்டது. தங்கத்துக்கும் இதே வழக்கு நடந்தது. தங்கம் நீரை விலக்குமா என்று பல ஆண்டுகள் வாதிட்டார்கள். தூய தங்கம் நீரை ஈர்க்கும் என்பதே முடிவு. 2013இல் கிராஃபைட்டுக்கும் கிராஃபீனுக்கும் அதே விடை வந்தது. உயர்ந்த பரப்பு ஆற்றல் கொண்ட எந்தப் பொருளும் சாதாரணக் காற்றில் வெறுமையாக நிற்பதில்லை. கிடைத்ததை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது.

வாரணாசியின் பக்கத்திலிருந்து 2015இல் பதில் வந்தது. புதிதாகப் படியவைத்த சீரியம் ஆக்சைடின் பரப்பில் உலோகத்தோடு ஒப்பிட ஆக்சிஜன் மிகையாக இருக்கிறது என்றும், அப்போதுதான் பரப்பு நீரை ஈர்க்கிறது என்றும், ஹைட்ரோகார்பன் இல்லாத மிகை வெற்றிடத்தில் அது தன்னிலைக்குத் திரும்பியதும் மீண்டும் நீரை விலக்குகிறது என்றும் சொன்னார்கள். இதுவும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. புதிய பரப்பே இன்னும் தன்னிலைக்கு வராததாக இருக்கலாம் என்றால், எது தூய பரப்பு என்ற கேள்வி எழுகிறது.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், பெரும்பங்கு படிவினால்தான் என்று கருதுகிறேன். 1,000 டிகிரிச் சோதனை என்னை அசைக்கவில்லை. அந்தச் சூட்டில் எந்தக் கரிமப் பொருளும் எரிந்துபோகும் என்பது உண்மை. ஆனால் வில்லை ஆறியதும் அளவீடு மீண்டும் காற்றில்தானே நடக்கிறது! மேலும், வாகனப் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டியில் ஆக்சிஜனைச் சேமித்துக் கொடுப்பது இதே சீரியம் ஆக்சைடுதான். தன்மேல் படிவதோடு சும்மா இருக்கும் பொருள் அல்ல அது.

கொதிகலன்_பணி

விளக்கம் அருமை. ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. நீரை விலக்குவது ஆக்சைடாக இருந்தால் என்ன, அழுக்காக இருந்தால் என்ன? கொதிகலன் நீரில் அரிப்பைத் தடுக்க ஆக்டாடெசைலமீன் போன்ற படலம் அமைக்கும் அமீன்களைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. அவை நீராவியோடு போய் உலோகத்தின் மீது படிந்து, நீர் ஒட்டாமல் செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அழுக்கே வேலை செய்யுமானால் அழுக்கையே கொடுத்துவிடலாமே.

மேற்பரப்பு

ஐயா, சரியான இடத்தில் தொட்டீர்கள். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். ஆய்வகக் காற்றில் ஹைட்ரோகார்பன் எப்போதும் இருக்கிறது. கழன்று போனால் மறுபடியும் வந்து சேரும். கண்டென்சருக்குள் காற்று ஏறத்தாழ இல்லை. அங்கே இருப்பது தொடர்ந்து உருவாகித் தொடர்ந்து வழிந்தோடும் தூய நீர். பூச்சு, தான் ஏற்கெனவே போர்த்தியிருக்கும் படிவை அந்த ஓட்டத்தில் இழக்குமா, இறுகப் பிடித்திருக்குமா? இழந்தால், நிரப்புவதற்கு நீராவியில் ஏதாவது இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல், முதல் நாள் எடுத்த சேர்கோணப் படத்தைக் காட்டி ஒரு பூச்சை நல்லது என்பது எனக்கு ஏற்புடையதன்று.

எனவே, ‘நீர்விலக்கி’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘நீர்விலக்கும் படிவை இறுகப் பிடித்திருக்கும் பரப்பு’ என்று ஆக்சைடைப் பார்த்தால், இரண்டு கட்டுரைகளையும் ஒருங்கே எடுத்துக்கொள்ள முடிகிறது. நீங்கள் சொல்லும் அமீன் வழியையும் அப்படியே பார்க்கலாம்: எந்த ஆக்சைடு அமீனை வெறும் செம்பைவிட, வெறும் டைட்டானியத்தைவிட அதிக நேரம் பிடித்து வைக்கிறது? நெய்தல்நிலன் இதை ஆய்வுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வளியறை

நான் குளிர்சாதனத் துறையில் இருக்கிறேன். இந்தப் பூச்சை ஏ.சி.யின் உட்புறக் காயிலில் பூசினால் மின்செலவு குறையுமா?

மேற்பரப்பு

நண்பரே, வெப்பப் பரிமாற்றத்துக்காக என்றால் பெரிதும் குறையாது. அறைக் காற்றில் நீராவி மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் குளிர்ந்து நீராகாத காற்று. அந்தக் காற்றுப் படலத்தின் வழியாக நீராவி ஊடுருவி வருவதே பெருந்தடையாக இருப்பதால், பரப்பில் படலமா துளியா என்பது பின்னுக்குப் போய்விடும். துடுப்புகளுக்கு இடையே நீர் தேங்காமல் வடிவதற்காகப் பரப்பின் தன்மையை மாற்றுவது வேறு கேள்வி. அதைத் தனி இழையில் பேசலாம்.

நெய்தல்நிலன்

மூவருக்கும் மிக்க நன்றி. தொட்டியின் கசிவை முதலில் பார்க்கிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, பூச்சை வழவழப்பாக வைப்பதா, தாமரை இலைபோல் நுண்முட்கள் உள்ளதாகச் செய்வதா? சேர்கோணம் 105 என்பதைவிட 160 என்பது மேல் அல்லவா? இரண்டாவது, சீரியம் கிடைப்பதும் விலையும். அருமண் என்றாலே கிடைப்பது அரிது என்று பலரும் அஞ்சுகிறார்கள்.

மேற்பரப்பு

முதல் ஐயத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமரை இலையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

இலையின் மேல் விழும் மழைத்துளி வெளியிலிருந்து வருகிறது; முட்களின் உச்சியில் அமர்ந்து, இடையே உள்ள காற்றின் மேல் மிதக்கிறது. நீராவி அப்படி வருவதில்லை. 100 டிகிரியில் ஒரு டிகிரி குளிர்ந்த பரப்பில், பிறந்து நிலைக்கக்கூடிய மிகச் சிறிய துளியின் ஆரம் 20 நானோமீட்டர் அளவே. முட்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அதைவிடப் பெரியவை. ஆகவே துளி பள்ளத்துக்குள்ளேயே பிறந்து, உள்ளேயே வளர்ந்து, வேர்விட்டதுபோல் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு துளியை வைத்து அளந்தால் 160 வரும். நீராவியில் வைத்தால் அதே பரப்பு நீரைக் கடற்பஞ்சுபோல் பிடித்துக்கொள்ளும்.

விதிவிலக்கும் உண்டு, அது பார்ப்பதற்கே அற்புதமானது. செம்பை சோடியம் குளோரைட், சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் பாஸ்பேட் கலந்த சூடான கரைசலில் மூழ்க வைத்தால், பத்து நிமிடத்தில் செந்நிறம் பழுப்பாகி, பிறகு வெல்வெட் துணிபோல் கருப்பாகும். அது செம்பு ஆக்சைடின் கத்தி வடிவ நுண்படிகங்கள். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் உயரத்தில் வளர்ச்சி தானாக நின்றுவிடும். அதன்மேல் ஒரு மூலக்கூறு தடிமனில் நீரை விலக்கும் சிலேன் சேர்மத்தைப் பூசி நீராவியில் வைத்தால், இரண்டு சிறு துளிகள் சேரும்போது மிச்சமாகும் பரப்பு ஆற்றலில், சேர்ந்த துளி பரப்பைவிட்டு எம்பிக் குதிக்கிறது. பொரேய்கோவும் சென்னும் 2009இல் இந்தக் குதிப்பை விளக்கினார்கள். 2013இல் மில்ஜ்கோவிச், வாங் முதலியோர் இந்தச் செம்பு ஆக்சைடுக் குழாயில், அன்றைய சிறந்த துளிவழிப் பரப்பைவிட வெப்பப் பரிமாற்றக் குணகம் 30 சதவீதம் கூடுவதைக் காட்டினார்கள். ஆனால் மீதெவிட்டல் விகிதம் (நீராவியின் அழுத்தத்துக்கும் பரப்பின் வெப்பநிலைக்குரிய தெவிட்டிய அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) 1.12ஐத் தாண்டியதும் பள்ளங்கள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன, குதிப்பும் நின்றது. ஐயா சொல்லும் கண்டென்சர் வெப்பப் பாய்வு இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

ஆகவே வழவழப்பான பூச்சையே பரிந்துரைக்கிறேன். 105 டிகிரி போதும். துளியின் முன்விளிம்புக் கோணத்துக்கும் பின்விளிம்புக் கோணத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிதாக இருப்பதே முதன்மை. துளி எவ்வளவு சிறியதாக இருக்கும்போதே உருண்டு போகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பார்வைக் கண்ணாடி வழியாக ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் துளி மேலிருந்து இறங்கும்போது வழியிலுள்ளவற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டு போகும். அதன் பின்னால் ஒரு கணம் உலர்ந்த செம்புக் கோடு பளிச்சிடும். அடுத்த கணமே அந்தக் கோடு பனி படர்ந்ததுபோல் வெளுக்கும். அந்த வெளுப்பில் உள்ள நுண்துளிகளின் வழியாகத்தான் வெப்பத்தின் பெரும்பகுதி கடக்கிறது. பெரிய துளிகள் போர்வைபோல் தடையாகவே இருக்கின்றன.

கொதிகலன்_பணி

இரண்டாவது ஐயத்துக்கு நான் சொல்கிறேன். அருமண் என்ற பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். புவியோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவில் இருக்கும் அருமண்களில் சீரியமே மிகுதி. திருவிதாங்கூர்க் கடற்கரை மோனசைட் உலகுக்குத் தெரிய வந்ததே, 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்ததால்தான். அன்று அதைத் தேடியது விளக்கு மேன்டிலுக்காக. மேன்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு இதே சீரியம் ஆக்சைடு. உங்கள் பூச்சு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஒரு சதுர மீட்டருக்குச் சில கிராம் ஆக்சைடு போதும். விலையைப் பற்றிக் கவலைப்படாமல், பூச்சு செம்பில் ஒட்டி நிற்குமா என்று கவலைப்படுங்கள். சூடேறும்போது செம்பு இந்தப் பீங்கானைவிட அதிகமாக விரிகிறது. நிறுத்தி ஓட்டும் ஒவ்வொரு முறையும் பூச்சு இழுபடும். ஒரு வெடிப்பு விழுந்தால் அடியில் அரிப்பு தொடங்கிவிடும். ஐம்பது முறையாவது சூடாக்கிக் குளிர்வித்துப் பாருங்கள்.

நெய்தல்நிலன்

அப்படியானால் என் திட்டத்தை இவ்வாறு மாற்றிக்கொள்கிறேன். சீரியம் நைட்ரேட் கரைசலில் செம்பை எதிர்மின்முனையாக (கேதோடாக) வைத்து, மின்படிவு முறையில் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான வழவழப்பான பூச்சைப் படியவைக்கிறேன். ஒரே நீளமுள்ள நான்கு குழாய்கள்: வெறும் செம்பு, பூச்சிட்டுக் காற்றில் வைத்தது, பூச்சிட்டுப் பிளாஸ்மாவில் தூய்மை செய்து உடனே நீராவியில் வைத்தது, பூச்சிட்டு அமீன் ஏற்றியது. நான்கையும் காற்று நீக்கிய நீராவியில் தொடர்ந்து ஓட்டி, வெப்பப் பாய்வை மணிதோறும் பதிகிறேன். சேர்கோணத்தைத் தொடக்கத்திலும் இறுதியிலும் மட்டும் எடுக்கிறேன்.

மேற்பரப்பு

நல்ல திட்டம். மூன்றாவது குழாய்தான் உங்கள் ஆய்வின் உயிர். அது படலமாகத் தொடங்கிப் படலமாகவே இருந்தால் ஒரு செய்தி. நீராவிக்குள்ளேயே மெல்ல மெல்லத் துளிகளுக்கு மாறினால் அதைவிடப் பெரிய செய்தி. மாறினால் உடனே மகிழ்ந்துவிடாமல், வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி பின்னோக்கி வருகிறதா, ரப்பர் வளையங்களுக்கு யாராவது கிரீஸ் தடவியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதே தொட்டியில் தேய்த்துக் கழுவிய வெறும் செம்பையும் அதே கால அளவுக்கு ஓட்டினால் தெரிந்துவிடும். அதுவும் துளிகளுக்கு மாறினால் பிசுக்கு தொட்டியிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்று, மாதிரிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டாம். நான் மாணவனாக இருந்தபோது, தூய்மை செய்த வில்லைகளை அடியில் ஒட்டும் பசை உள்ள டப்பாவில் வார இறுதி முழுவதும் வைத்துவிட்டு, திங்கட்கிழமை கோணம் ஏறியிருப்பதைக் கண்டு, புதிய பண்பு ஒன்றைக் கண்டுபிடித்ததாக நம்பி ஒரு மாதம் அதிலேயே உழைத்தேன். வந்தது டப்பாவின் சிலிகோன். மூடியுள்ள கண்ணாடிக் கலத்தைச் சூட்டடுப்பில் வைத்து எடுத்து, அதில் வையுங்கள். எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்பதையும் மாதிரியின் பெயரோடு எழுதிவையுங்கள்.

நெய்தல்நிலன்

எங்களிடம் இருப்பது பசை உள்ள டப்பாக்களே. நாளைக் காலையில் கண்ணாடிக் கலங்களுக்கு எழுதிக் கேட்டுவிடுகிறேன். தொட்டியின் கசிவு அளவு கிடைத்ததும் இங்கேயே பதிகிறேன்.